பதினாறு சான்றிதழ்கள்

மனிதருக்கு வயது ஏற ஏற வைத்தியர் வீட்டுப் படி பழகிவிடுகிறது. மோட்டார் வண்டிக்கும் அந்த விதி பொருந்தும் என்பதை எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சிறிய கார் எனக்குப் பதினாறு தடவை சொல்லிற்று. பதினைந்து தடவை நான் செவிசாய்க்கவில்லை. அந்தக் கதையை ஊரிலுள்ள வாசகர்களுக்குச் சொல்வதில் எனக்குச் சிறிது வெட்கமுண்டு. எனினும் சொல்லத்தான் வேண்டும்.

நான் பருத்தித்துறையைச் சேர்ந்தவன். 1999ஆம் ஆண்டு முதல் லண்டன் மாநகரின் வடமேற்குப் புறத்தில், மகளின் குடும்பத்தோடு வாழ்ந்து வருகிறேன். எங்கள் கார் 2007ஆம் ஆண்டில் பதியப்பட்டது. உருவத்திற் சிறியது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். பின் ஆசனத்தை மடித்துவிட்டால் இரண்டு அரிசி மூட்டையும், கோயிற் பொங்கலுக்கான பானை சட்டி முழுவதும் அடங்கிவிடும். அந்த ஆண்டிலேயே என் பேத்தியும் பிறந்தாள். இருவரும் ஒரே வயதினர் என்று வீட்டிலே வேடிக்கையாகச் சொல்வோம்.

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் வருடாந்தப் புகைப் பரிசோதனை நடைமுறையில் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். இங்கிலாந்தில் நடப்பது அதனினும் விரிவானது. போக்குவரத்து அமைச்சின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு அதனை ‘எம்.ஓ.ரி.’ என்று அழைப்பர். 1960ஆம் ஆண்டு இது தொடங்கியபோது பத்து வயதுக்கு மேற்பட்ட கார்களையே பார்த்தனர். பிறேக்கு, விளக்கு, ஸ்ரியறிங் ஆகிய மூன்றுமே கவனிக்கப்பட்டன. 1967ஆம் ஆண்டில் அந்த வயதெல்லை மூன்றாகக் குறைக்கப்பட்டது. இன்று ரயர், சில்லைத் தாங்கும் சுருள்வில், ஆசனப் பட்டி, புகை, அடித்தளத்துத் துரு என்று சோதிப்பவை பலவாகிவிட்டன. ரயரின் அகலத்தில் நடு முக்காற் பங்கிலே பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. சில்லுகளை உருளைகளின் மேல் ஏற்றி, பிறேக்கு எத்துணை வலுவுடன் பிடிக்கின்றது என்று அளப்பர். எங்கள் கார் போன்ற பழைய கார்களுக்கு அந்த வலு வண்டியின் நிறையில் நூற்றுக்கு ஐம்பதேனும் இருத்தல் வேண்டும். கைப்பிறேக்குக்கு நூற்றுக்குப் பதினாறு போதும்.

நாங்கள் இக்காரை வாங்கியது 2010ஆம் ஆண்டில், அதன் முதலாவது பரிசோதனை முடிந்த மறுவாரம். ஆறு ஆண்டுகள் அது வகுப்பில் முதல்வனாக வரும் மாணவனைப் போல ஒரு குறையுமின்றித் தேறிற்று. 2016இல் முதன்முறையாகத் தோற்றது. காரணம், பின்னாலுள்ள இலக்கத்தகட்டின் மேல் எரியவேண்டிய சிறு விளக்கு எரியாமையே! அந்த விளக்கின் விலை இரண்டு பவுண். பழைய கார்கள் பெரும்பாலும் பெரிய நோயினால் தோற்பதில்லை. விளக்கும் ரயரும் பிறேக்கும் சுருள்வில்லுமே அவற்றை வீழ்த்துகின்றன. அவற்றுட் பலவற்றைப் புறப்படுமுன் வாசலில் நின்றே நாம் பார்த்துவிடலாம்.

2020ஆம் ஆண்டு சித்திரையில் வரவேண்டிய பரிசோதனை, கொள்ளைநோய்க் காலமாகையால், அரசாங்கத்தின் ஆணைப்படி ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அதன் பின் எங்கள் காருக்கு ஒக்டோபரே பரீட்சை மாதமாயிற்று. அடுத்த ஆண்டு அது மீண்டும் தோற்றது. மாதக்கணக்காக ஓடாமல் நின்றமையால் பின்சில்லின் பிறேக்கு இறுகிவிட்டதாம். ஓடித் தேய்வதைவிட நின்று துருப்பிடிப்பதே காருக்குப் பெரிய கேடு என்பதை அன்று அறிந்தேன்.

துரு எனக்குப் புதியதன்று. பருத்தித்துறைக் கடற்காற்றிலே யன்னற் கம்பிகள் உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே கடல் அருகில் இல்லை. ஆயினும் மாரிகாலத்தில் றோட்டிலே பனி உறையாதிருக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் காரின் அடியிலே தெறித்து, கண்ணுக்குத் தெரியாத மூலைகளிற் குந்திக்கொள்கிறது.

பரிசோதனைத் தாளிலே ‘தேறியது’ என்ற சொல்லின் கீழ்ச் சில வரிகள் இருக்கும். இன்று தோற்கடிக்கத்தக்கவை அல்லாதபோதும் கவனிக்கவேண்டியவற்றைப் பரிசோதகர் அங்கே எழுதிவைப்பார். 2022இல் அங்கே, பின்பிறேக்குக் குழாயில் இலேசான துரு என்று எழுதப்பட்டிருந்தது. மாற்றுவதற்குத் தொண்ணூறு பவுண் ஆகும் என்றார்கள்.

“இஞ்சாருங்கோ, கடுதாசியிலை கீழை என்னவோ எழுதிக் கிடக்கு. ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்” என்றாள் மனைவி.

“பாஸ் எண்டு போட்டிருக்கு. அது காணும்” என்று கூறி, தாளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

என் அலட்சியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளில், பெற்றோல் வடக்கே வராத நாட்களில், என் தமையனாரின் பழைய ஒஸ்ரின் காரைச் சிறிது பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். பிள்ளைப்பேற்றுக்குரிய பெண்களையும் காய்ச்சற்காரரையும் அந்தக் கார் மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது. அப்படிப்பட்ட எனக்கு ஒரு குழாயின் துரு பெரிதாகத் தோன்றவில்லை. அன்று நாங்கள் அவ்வாறு ஓட்டியது வேறு வழியில்லாமையால் என்பதை மறந்து, அதையே ஒரு திறமையாக எண்ணிவிட்டேன். 2023இலும் அதே வரி எழுதப்பட்டிருந்தது. 2024இல் ‘இலேசான’ என்ற சொல் நீங்கியிருந்தது. இரண்டையும் நான் வாசிக்கவில்லை.

சென்ற 2025ஆம் ஆண்டு பேத்தி லெஸ்ரர் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றாள். காரோட்டும் பரீட்சையில் ஏற்கெனவே தேறியிருந்தாள். ஒக்டோபர்ப் பரிசோதனை முடிந்ததும் காரை அவளுக்கே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தோம். பழைய சான்றிதழ் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கையிலே காரைக் கராஜுக்குக் கொண்டுசென்றேன்.

பரிசோதகர் ஊர்ப் பிள்ளைதான். அரை மணித்தியாலத்தின் பின் என்னை உள்ளே அழைத்தார். கார் உயர நின்றது. “ஐயா, இதிலை கொஞ்சம் பாருங்கோ” என்று விளக்கைப் பிடித்தார். பின்சில்லுக்குச் செல்லும் குழாயில் துரு செதில் செதிலாக எழும்பி நின்றது. அதன் நடுவில் ஈரம். பிறேக்கு எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. முன்சில்லொன்றின் சுருள்வில்லும் உடைந்திருந்தது.

2018ஆம் ஆண்டு முதல் குறைகளைச் சிறியது, பெரியது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரித்து எழுதுகிறார்கள். எங்கள் காரின் தாளில் ‘ஆபத்தானது’ என்று இருந்தது. அவ்வாறு எழுதப்பட்ட வண்டியைத் திருத்தாமல் றோட்டில் ஓட்டுதல் குற்றமாகும். பழைய சான்றிதழுக்கு நாள் மிஞ்சியிருந்தாலும் பயனில்லை.

“தம்பி, வீடு ஒண்டரை மைல்தானே. மெல்ல உருட்டிக்கொண்டு போறன். விலையை யோசிச்சு நாளைக்குச் சொல்லுறன்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “பேத்திக்குக் குடுக்கப்போறன் எண்டியள். இப்ப அந்தப் பிள்ளை பக்கத்திலை இருந்தால் நீங்கள் உருட்டிக்கொண்டு போவியளோ ஐயா?”

நான் திறப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

அன்றிரவு லாச்சியைத் திறந்து பழைய தாள்கள் பதினைந்தையும் வரிசையாக வைத்து வாசித்தேன். ஒவ்வொன்றிலும் அவ்வாண்டு வரை ஓடிய மைல் எழுதப்பட்டிருந்தது. மகள் தூரத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சென்ற ஆண்டுகளில் மைல் பெருகியிருந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் சுருங்கியிருந்தது. எங்கள் குடும்பத்தின் நாட்குறிப்பேடு போல் அது இருந்தது. கடைசி மூன்று தாள்களின் கீழ்வரிகள் ஒருவன் மும்முறை வாசலில் நின்று கூப்பிட்டது போல் இருந்தன. சென்ற கோடை முழுவதும் அக்காரில் பேத்தியை ஏற்றி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக்கியிருந்தேன். நினைக்கவே உடல் நடுங்கிற்று.

குழாயும் சுருள்வில்லும் மாற்றி, கதவின் கீழே துருத்தின்ற இடத்தில் தகடு வைத்து ஒட்டுவதற்கு நானூற்றிருபது பவுண் ஆயிற்று. காரை விற்றால் எண்ணூறு தேறாது. ஆயினும் செய்வித்தேன். வண்டி அங்கேயே நின்று பத்து வேலைநாட்களுக்குள் திருத்தப்பட்டதால் மறுபரிசோதனைக்குக் கட்டணம் கேட்கவில்லை. பதினாறாவது சான்றிதழ் கிடைத்தது.

விடுமுறைக்குப் பேத்தி வந்தபோது திறப்பையும் தாள்களையும் அவளிடம் கொடுத்து, கீழ்வரிகளைக் காட்டத் தொடங்கினேன். அவள் மெல்லச் சிரித்தாள்.

“அம்மப்பா, காரின்ரை நம்பரைப் போட்டால் இதெல்லாம் போனிலையே வரும். நான் பார்த்திட்டன். மூண்டு வருசமாய் எழுதியிருக்கு. ஏன் செய்யேல்லை?”

குற்றஞ்சாட்டும் குரலன்று அது. அறிய விரும்பும் குரல். எனக்கோ மறுமொழி கிடைக்கவில்லை. “பிழைதான் பிள்ளை” என்று மட்டும் சொன்னேன்.

அவள் தனியே லெஸ்ரருக்குப் புறப்பட்ட அன்று, போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தொலைபேசியிற் சொல்லும் வரை மனைவி விளக்கடியிலிருந்து எழும்பவில்லை. நானும் லாச்சியைத் திறந்தேன். அங்கே இன்னொரு தாள் கிடந்தது: சென்ற ஆண்டு எடுத்த என் இரத்தப் பரிசோதனை. ‘பெரிய குறையில்லை’ என்று வைத்தியர் சொன்ன மகிழ்ச்சியில் மடித்து வைத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதன்முறையாக அதன் கீழ்வரிகளை வாசித்தேன். மறுநாட் காலை எட்டு மணிக்கு வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன்.