அப்பாவின் லேப்டாப்: டிஸ்க் முதலில், மெமரி பிறகு

ஊருக்குப் போகும்போது சூட்கேஸில் ஒரு புது லேப்டாப்பையும் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நம்மில் நிறைய பேருக்கு ஓர் எண்ணம். பழசு மெதுவா இருக்கா, ஓரம் கட்டு, இந்தா புதுசு. கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவோம். அடுத்த ஆறு மாதம் போனில் ஒரே கேள்விதான்: "அந்த பட்டன் எங்கே போச்சு?" :-)

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் அப்பா வைத்திருப்பது 2018-ல் வாங்கிய பொட்டி. எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி மெமரி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுப் போய் காபி கலந்து எடுத்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். புதுசு வாங்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம்டா. பென்ஷன் பேப்பர் எங்க, கரண்ட் பில் எங்கன்னு இதுலதான் எனக்குத் தெரியும்" என்றார். அவருக்கு வயது 78. க்ளாக்கோமா வந்தபிறகு ஐகானுக்குக் கீழே இருக்கும் எழுத்தைப் படிப்பதில்லை; இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். புதுப் பொட்டி என்றால் அவர் மறுபடி முதலிலிருந்து தடவ வேண்டும். ஆக, பொட்டி அதேதான், உள்ளே மட்டும் மாற்றம் என்று முடிவானது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் வியாதி தெரிந்துவிடும். ஒன்றுமே ஓடாதபோதும் டிஸ்க் 100 சதவீதம், மெமரியும் கிட்டத்தட்ட முழுசு. மெமரி சமையல் மேடை, டிஸ்க் பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் இடமில்லாவிட்டால் விண்டோஸ் பாத்திரங்களைப் பரணில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பரணோ நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும் தட்டு, அதாவது நொடிக்கு 90 சுற்று. படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துண்டு துண்டாகக் கேட்டால் நொடிக்கு நூறு தடவைகூட அதனால் பதில் சொல்ல முடியாது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. ஆயிரக்கணக்கில் பதில் சொல்லும். அதனால்தான் டிஸ்க் முதலில், மெமரி பிறகு.

இப்போது மெமரி விலையும் ஒரு காரணம். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை மளமளவென்று ஏறியது. மைக்ரான் நிறுவனம், கடைகளில் நாம் வாங்கும் தன் குரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே 16 ஜிபிக்கு ஆசைப்படாமல், காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்கினேன். யூடியூப், ஈமெயில், எக்செலுக்கு அது தாராளம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை: டிடிஆர்3 பொட்டியில் டிடிஆர்4 மெமரி நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. சில மாடல்களில் மெமரியை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், மாற்றவே முடியாது. சின்ன எம்.2 ஸ்லாட் இருந்தால் அது சாட்டாவா என்விஎம்இயா என்று பார்க்கவும். எங்களுடையதில் அந்த ஸ்லாட் இல்லை, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 500 ஜிபி, போதுமானதாக இருந்தது.

அப்பாவுக்காகச் செய்த முக்கியமான வேலை குளோனிங். விண்டோஸைப் புதிதாக ஏற்றவில்லை. புது எஸ்எஸ்டியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தேன். அதற்கு முன்னால் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க ரிகவரி கீயை எழுதி வைத்துக்கொள்வது அவசியம். பிறகு பொட்டியை முழுசாக ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். நியூஜெர்சி குளிர்காலத்தில் கதவுப் பிடியைத் தொட்டாலே சுரீர் என்கும். திருவனந்தபுரத்து ஈரக்காற்றில் அந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் முதலில் ஏதாவது இரும்பைத் தொட்டுக்கொள்வது நல்லது.

இப்போது இருபது நொடியில் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. அப்பா வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மவுஸை இடது மூலைக்குக் கொண்டுபோய் பென்ஷன் ஃபோல்டரைத் திறந்தார், மூடினார். "எல்லாம் அங்கங்கேயே இருக்கு" என்றார். எனக்கு அது போதும்.

உங்கள் வீட்டுப் பொட்டி ஏழாம் தலைமுறை இன்டெலோ அதற்கு முந்தையதோ என்றால் அநேகமாக விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதில் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றிக் கொடுக்கலாம். திருவனந்தபுரத்துக்கு லினக்ஸ் புதுசில்லை. இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ல் தொடங்கப்பட்டதே இந்த ஊரில்தான். ஆனால் பழகின இடம் மாறும். கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க லீவு இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு நான் போன் பண்ணும்போது அதைச் செருகி, அப்பாவே பேக்கப் எடுத்துவிடுகிறார்.