தைக்காத புண்

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தால் சிவகாசியில் வாணவேடிக்கை. பழைய யுத்தங்களில் அதுவே துப்பாக்கி மருந்து. எங்கள் பக்கத்துத் தொழிலாளிக்குக் கை என்பது வெறும் அவயவம் அல்ல. வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான். குண்டு பட்ட கையை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று நான் விசாரித்ததற்கு அதுவே காரணம்.

1797-ல் டெனரீஃப் தீவுச் சண்டையில் நெல்சனுக்கு வலது மேற்கையில் குண்டு பட்டு எலும்பு நொறுங்கியது. அன்றிரவே கப்பலில் கையை வெட்டிவிட்டார்கள். டாக்டர் ஈவிரக்கமற்றவர் என்று எண்ணிவிட வேண்டாம். எலும்பு முறிந்து சதையும் கிழிந்தால் சீழ் பிடிக்கும். சீழ் பிடித்தால் உயிர் போகும். கையைக் கொடுத்து உயிரை வாங்கினார்கள்.

விருதுநகரில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர், 1971 யுத்தத்தில் கள ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவர். 1950-ல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் கொரியாவுக்குப் போன நமது 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவில் இருந்த ஒருவரிடம் தொழில் கற்றவர்.

"தொடை ஒடிஞ்சா இரும்புச் சட்டம் வேணும், தம்பி. மேற்கைக்கு நெஞ்சுக்கூடுதான் சட்டம்" என்றார். கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, முடிந்தால் ஆளை உட்கார்த்தியே அனுப்புவார்களாம். அதற்குமுன் மோதிரம், கடிகாரத்தைக் கழற்ற வேண்டும்; வீக்கம் வரும். நாடி பார்க்க வேண்டும். மணிக்கட்டைத் தூக்கச் சொல்ல வேண்டும். அது துவண்டு தொங்கினால், மேற்கை எலும்பைச் சுற்றி ஓடும் நரம்பு அடிபட்டிருக்கலாம்.

அப்புறம்தான் கத்தி. குண்டு தனியாக வருவதில்லை. சட்டைத் துணியையும் மண்ணையும் உள்ளே கொண்டுபோகிறது. டாக்டர் அந்த அழுக்கை எடுக்கிறார். கிள்ளினால் சுருங்காத, வெட்டினால் ரத்தம் கசியாத சதையை நீக்குகிறார். ஆனால், தைப்பதில்லை! நாலைந்து நாள் திறந்தே வைத்து, புண் சுத்தமாக இருந்தால்தான் மூடுகிறார்.

ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் (1936-39) ட்ரூயேட்டா என்ற டாக்டர் இப்படித்தான் சுத்தம் செய்து, தைக்காமல் துணி அடைத்து, மாவுக்கட்டுப் போட்டார். அவர் கணக்குக் காட்டிய 1,073 பேரில் இறந்தவர்கள் 6 பேர். பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலம் அது.

பட்டாசு வெடியும் காகிதத்தையும் மருந்தையும் சதைக்குள் ஏற்றிவிடுகிறது. நம்மவர்களோ மஞ்சளையும் காப்பித்தூளையும் அப்பி மூடப் பார்க்கிறார்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதே போதும்.

"தைச்சு விடுங்கன்னு பையன்கள் கெஞ்சுவான்க" என்றார் அண்ணாச்சி. "அஞ்சாம் நாள் கட்டைப் பிரிக்கையிலே கண்ணைவிட மூக்கைத்தான் முதல்லே நீட்டுவோம். நாத்தம் இல்லேன்னா, அந்தக் கை அவனோட ஊருக்குப் போகும்."