மாக் தாக் பாகி

வலைப்பந்தில் பந்து கைக்கு வந்ததும் கால் நின்றுவிட வேண்டும். தமிழ்ப்பள்ளியில் மூன்று ஆண்டுகள் நான் பழகிய பாடம் அது. புகுமுக வகுப்பை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்திற்கு வந்தபோது கூடைப்பந்துக் குழுவில் பெயர் கொடுத்தேன். முதல் நாள் பந்து என் கைக்கு வந்தது. சிலைபோல் நின்றுவிட்டேன். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓட வேண்டும் என்பது எனக்கு மறந்தே போனது. திடலே சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான். அவர் மூன்றாம் படிவத்துச் சீன மாணவி, எங்கள் அணித்தலைவி. பயிற்றுநர் மாண்டரினில் சொல்வதையெல்லாம் எனக்காக மலாயில் மாற்றிச் சொல்வார். சீனத்தில் ஒன்று முதல் பத்து வரை ரூமி எழுத்தில் எழுதி, "இதை மனனம் செய்துவிடு" என்று ஒரு தாளை நீட்டினார். குழுவில் தமிழ்ப்பெண் நான் ஒருத்திதான். தூடோங் அணிந்து ஆடும் மலாய்த் தோழி ஒருத்தியும் இருந்தாள்.

அது 2017ஆம் ஆண்டு. ஆகஸ்டில் கோலாலம்பூரில் சீ விளையாட்டுப் போட்டி நடந்தது. மாபா அரங்கில் நம் மகளிர் அணி தங்கம் வென்றதை ஒரே கைப்பேசியைச் சுற்றி நின்று பார்த்தோம். 2015இல் சிங்கப்பூரிலும் அவர்களுக்குத்தான் தங்கம். அதே 2017 அக்டோபரில் இன்னொரு நல்ல செய்தி. தலையை மறைத்து ஆடக்கூடாது என்ற தடையை நீக்கிய அனைத்துலகச் சம்மேளனத்தின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் கத்தார் மகளிர் அணி தலைமறைப்பைக் கழற்ற மறுத்து, ஆடாமலேயே விலகியதைப் பயிற்றுநர் எங்களிடம் சொல்லியிருந்தார். என் மலாய்த் தோழி அன்று திடலை இரண்டு சுற்று ஓடினாள்.

மூன்றாம் படிவத்தில் நான் குழுவை விட்டு விலகினேன்.

காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மாமா, "அது சீனர் விளையாட்டும்மா, உனக்கு அங்க என்ன வேலை?" என்று ஒருமுறை கேட்டிருந்தார். அதையே பிடித்துக்கொண்டேன். ஆனால், அணித்தலைவியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "மாக் தாக் பாகி", அம்மா விடமாட்டேன் என்கிறார் என்று பொய் சொன்னேன். உண்மையில், பயிற்சிக்கு முதல் நாள் இரவே என் ஜெர்சியைத் துவைத்து, காற்றாடிக்குக் கீழே காயப்போட்டவர் என் அம்மா.

நண்பர்களே, உண்மை இதுதான். தொடர்ந்து இரண்டு ஆட்டங்களில் என்னைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். என்னைவிட வேகமானவர்கள் இருந்தார்கள். அதை ஏற்றுக்கொள்ள முடியாமல், இனத்தையும் மொழியையும் காரணமாக்கினேன். அந்த 2019 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் மகளிர் முதன்முறையாகச் சீ போட்டித் தங்கத்தை வென்றதுகூட எனக்குத் தெரியாது. அந்த அளவுக்கு விலகிப் போயிருந்தேன்.

இவ்வாண்டு விடுதிகளுக்கிடையிலான போட்டிக்கு எங்கள் விடுதியில் ஆள் குறைந்தது. என்னை அழைத்தார்கள். பதில் சொல்வதற்கு முன் நம் தேசிய மகளிர் அணியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஆசிய மகளிர் வெற்றியாளர் போட்டி 1970, 1978, 1986 என மூன்று முறை கோலாலம்பூரில் நடந்திருக்கிறது. 1990 ஜூலையில் உலக வெற்றியாளர் போட்டியே மலேசியாவிற்கு வந்தது. இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 88-78 என்று யூகோஸ்லாவியாவை வென்றது. சில ஆண்டுகளுக்குள் யூகோஸ்லாவியா, சோவியத் ஒன்றியம், செக்கோஸ்லோவாக்கியா ஆகியவை சிதறிப்போயின. இங்கே வந்து ஆடிய மூன்று அணிகளுக்கு நாடே இல்லாமல் போனது!

பதினாறு அணிகளில் மலேசியாவுக்குப் பதினாறாவது இடம். அந்த வரியில்தான் என் கண் நின்றது. சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னால், கடைசி இடம். ஆனாலும் அவர்கள் ஆட்டத்தை விடவில்லை. தென்கிழக்காசியாவில் மகளிர் கூடைப்பந்தில் அதிகத் தங்கம் வென்ற நாடு இந்த மலேசியாதான். நானோ இரண்டு ஆட்டங்கள் பெஞ்சில் உட்கார்ந்ததற்கே ஓடிவிட்டேன்.

மாமாவின் கேள்விக்கும் விடை கிடைத்தது. 2009இல் ஆசிய மகளிர் போட்டி சென்னையில் நடந்திருக்கிறது. இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை சென்னைக்காரர்தான்.

அன்றிரவு என் பழைய அணித்தலைவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். அம்மா தடுக்கவில்லை, நான் சொன்னது பொய் என்று எழுதி மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரத்தில் பதில் வந்தது.

"அப்போதே தெரியும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நம் எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொண்டுவந்தவர் உன் அம்மாதானே."

ஆறு ஆண்டுகள் அவர் அதை என்னிடம் கேட்கவே இல்லை.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். 'இது நம்முடையது அல்ல' என்று ஒரு திடலை விட்டு வெளியேறுமுன், நம்மை யாராவது வெளியேற்றினார்களா, நாமே நடந்து வந்தோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் புதன்கிழமை விடுதித் திடலில் பயிற்சி. பெயர் கொடுத்துவிட்டேன். ஜெர்சியை இம்முறை நானே துவைத்துக்கொள்கிறேன்.