லௌகவேகுர்: துணையில்லாமல் ஒரு நடை

ஐஸ்லாந்தின் தெற்கு மேட்டுநிலத்தில் இருக்கிறது லௌகவேகுர் நடைபாதை. லாண்ட்மன்னலௌகர் வெந்நீர் ஊற்றுகளில் தொடங்கி, பனிமலைகளுக்கு நடுவே இருக்கும் தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்கு வரை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். குடிலுக்குக் குடில் தங்கி, நான்கு நாளில் நடப்பது வழக்கம். நான் தனியாகத்தான் போனேன். துணைக்கு ஆள் கிடைக்காமல் இல்லை. விரும்பியே அப்படிப் போனேன்.

ஏன் என்பதற்கான பதில் முதல் நாளே கிடைத்துவிட்டது. மஞ்சளும் செம்மண் நிறமும் இளம்பச்சையுமாக ரயோலைட் மலைகள். மரம் கிடையாது, பறவைச் சத்தம்கூட அபூர்வம். ஸ்டோரிஹ்வேர் என்ற கொதிநீர் ஊற்று கண்ணில் படுவதற்கு முன்பே அதன் இரைச்சல் காதுக்கு வந்தது. பேச்சுத்துணை இருந்திருந்தால் பக்கத்தில் போன பிறகுதான் கவனித்திருப்பேன். இன்னும் மேலே, ஹ்ராஃப்ன்டின்னுஸ்கர் சரிவில், தரையெங்கும் எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கன்னங்கரேலென்று, விளிம்பு மட்டும் வெளிச்சத்தில் பழுப்பாக ஊடுருவித் தெரிந்தது. வேண்டிய மட்டும் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன். "போகலாமா?" என்று கேட்க யாரும் இல்லை. எவ்வளவு பெரிய சுகம் அது!

ஆனால் அந்த மேட்டில்தான் ஒரு நினைவுக் கற்குவியலும் இருக்கிறது. 2004 ஜூன் மாதம் பனிப்புயலில் சிக்கி 25 வயது இளைஞர் ஒருவர் அங்கே இறந்துபோனார். குடில் எட்டிவிடும் தொலைவில்தான் இருந்தது. ஜூன் அங்கே கோடைக்காலம் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் மூடுபனி இறங்கினால், பாதையோரம் நட்டிருக்கும் மரக்கம்பங்களில் அடுத்தது எது என்றே தெரியாது. இரண்டு பேர் என்றால் ஒருவர் கம்பத்தடியில் நிற்க, மற்றவர் கூப்பிடு தூரம் போய்த் தேடலாம். தனியாள் என்ன செய்வது? தெரியவில்லை என்றால் நிற்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தந்தவை ஆறுகள். பனி உருகி வருகிற சாம்பல் நிறத் தண்ணீர், அடி தெரியாது. கால் வைத்த சில நொடிகளில் விரல்கள் மரத்துவிடும். காலையில் நீர் குறைவு, வெயில் ஏற ஏற உருகல் கூடி மட்டம் உயரும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி, ஊன்றுகோலால் தடவித் தடவிப் பக்கவாட்டில் நகர வேண்டும். பட்டையைக் கழற்றாமல் விழுந்தால் பையே ஆளை அமுக்கிவிடும். முந்தைய ஆறுகளை இப்படியே தாண்டினேன். கடைசி நாள் த்ரோங்கா ஆறு, இரவெல்லாம் பெய்த மழையில் கிளை கிளையாகப் பிரிந்து வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்தார்கள். கேட்டேன், கை நீட்டினார்கள். மூவரும் தோள் கோத்துக் கடந்தோம். தனியாக வந்ததால் ஆற்றையும் தனியாகவேதான் கடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லையே!

தனி நடையின் உண்மையான ஆபத்தாக நான் நினைப்பது இதைத்தான்: "வேண்டாம், திரும்பிடலாம்" என்று சொல்ல இரண்டாவது ஆள் கிடையாது. வீம்பும் களைப்பும் சேர்ந்து முடிவெடுத்துவிடும். அந்த முடிவின் சுமை நம் தலையோடு நிற்பதும் இல்லை. ஐஸ்லாந்தில் மலையில் தொலைந்தவரைத் தேடிப் போகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் புயலுக்குள் இறங்குகிறார்கள். புத்தாண்டுக்குப் பட்டாசு விற்றுத்தான் தங்கள் செலவில் பெரும்பகுதியைத் திரட்டுகிறார்கள். என் சாகசத்துக்காக அவர்களில் ஒருவர் உயிரைப் பணயம் வைக்க நேர்ந்தால், அதை என் சொந்த விஷயம் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

இவ்வளவும் யோசித்த பிறகும், தனியாகப் போங்கள் என்றே சொல்வேன். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, குடில்களில் காவலர்கள் இருக்கும் பருவத்தில் மட்டும் போங்கள். எந்த வழி, எப்போது திரும்புவீர்கள் என்பதை அந்த மீட்புத் தொண்டர்களின் சேஃப்டிராவல் இணையதளத்தில் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். பதிவு இலவசம். காலையில் குடிலை விட்டு இறங்குமுன் காவலரிடம் அன்றைய வானிலையைக் கேளுங்கள். இன்று வேண்டாம் என்று அவர் சொன்னால் தங்கிவிடுங்கள்.