சின்ன ஊர், பெரிய பயம்

கடற்கரை ஊர்ல நடக்கிற காதல் திகில் நாவல்னா அலையும் அந்தி வெயிலும் வெறும் அலங்காரம்னு பலர் ஒதுக்கிடறாங்க. எனக்கு அப்படித் தோணலை. ஊர் சின்னதா இருக்கிறதுதான் கதையையே நகர்த்துது. நிக்கோலஸ் ஸ்பார்க்ஸ் 2010ல எழுதின 'சேஃப் ஹேவன்' எடுத்துக்கங்க. அடிக்கிற புருஷன்கிட்டேருந்து தப்பிச்சு, கேட்டின்னு பேரை மாத்திக்கிட்டு ஒருத்தி வட கரோலினாவோட சவுத்போர்ட்டுக்கு வர்றா. அவன் பாஸ்டன் போலீஸ்ல துப்பறிவாளன். ஆளைத் தேடிப் பிடிக்கிறதே அவன் தொழில். பெருநகரத்துல கூட்டத்தோட கரைஞ்சுடலாம். இங்கே புதுசா வந்தவ கடைக்குப் போனாலே நாலு பேர் கவனிப்பாங்க. ஆனா அந்தக் கடைக்காரர் அலெக்ஸ்கிட்டதான் அவளுக்கு அன்பும் கிடைக்குது. காப்பாத்தற கண்ணும் காட்டிக்கொடுக்கக்கூடிய கண்ணும் ஒண்ணுதான்!

"கடைசியில சேர்ந்துடுவாங்கன்னு தெரியுமே, அப்புறம் என்ன திகில்?"னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா என்னைப் பதற வைக்கிறது முடிவு இல்லை. அடிபட்ட ஒருத்தி இன்னொருத்தரை நம்பி உண்மையைச் சொல்ற நொடி எப்போ வரும்ங்கற தவிப்பு அது. வீட்டு வன்முறையிலேருந்து வெளியே வந்த பெண்ணோட தயக்கத்தை இவ்வளவு பொறுமையா எழுதறதை 'பொழுதுபோக்கு'ன்னு எப்படித் தள்ள முடியும்?