ஜரிகை பேசாத புடவை

போன மாசம் என் பொண்ணுக்கு ஒரு கம்பெனியில கணக்கு வேலைக்கு நேர்காணல். போன்லயே, வீடியோவுல. காலை 11 மணிக்கு. வீட்டுல நடந்த அமர்க்களத்தைப் பார்த்து, பொண்ணு பார்க்க வர்றாங்கன்னுதான் தெருவே நினைச்சிருக்கும்.

அவங்கம்மா பெட்டியிலிருந்து கல்யாணப் பட்டை எடுத்துட்டாங்க. அரக்கு நிறம், ஒரு சாண் ஜரிகைக் கரை. முந்தின நாள் அதைக் கட்டிக்கிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சென்னையில இருக்கிற தம்பிக்கு வீடியோ போட்டா. முகம் கரிச்சட்டி மாதிரி தெரிஞ்சுதாம். "அக்கா, உன் ஜரிகைதான் பேசுது"ன்னு சிரிக்கிறான். 2005-06லயே புவிசார் குறியீடு வாங்கின காஞ்சிபுரம் பட்டுன்னு கேமராவுக்குத் தெரியுமா என்ன?

சாயந்திரம் அரிசி வாங்க வந்தார் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருத்தர், எனக்குப் பழைய சினேகிதர். விஷயத்தைக் கேட்டுட்டு, "பட்டு வாங்க வர்றவங்ககிட்ட, டியூப்லைட்டுல நிறம் பார்க்காதீங்க, வாசலுக்குக் கொண்டாங்கன்னு சொல்வோம். முகத்துக்கும் அதேதாம்மா"ன்னார். வடக்கு ஜன்னலைப் பார்த்து அவளை உட்கார வச்சார். அந்தப் பக்கம் நேர் வெயில் அவ்வளவா உள்ள வராது, வெளிச்சம் வரும். ஜன்னல் முதுகுக்குப் பின்னாடி இருந்தா, அந்த வெளிச்சத்துக்குத் தக்கபடி கேமரா எல்லாத்தையும் குறைச்சுடுது, முகம் இருண்டுபோகுது. ஜரிகையும் வேணாம்னுட்டார். பட்டு நூல் மேல வெள்ளி சுத்தி, தங்க முலாம் பூசினது, அது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கத்தானே செய்யும்? பொடிக்கட்டம் போட்ட துணியும் திரையில அலை அலையா நெளியுமாம். கடைசியில கரும்பச்சைப் பருத்திச் சுடிதார்.

போனை மரக்காலைக் கவுத்து, அதுமேல நாலு புஸ்தகம் அடுக்கிக் கண் உயரத்துக்கு நிறுத்தினோம். பேசறவரைப் பார்க்காம கேமராவைப் பார்க்கணும்னு அதுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அது அவ யோசனை.

ஆனா திரும்பி உட்கார்ந்ததும் பின்னாடி இருந்த சுவர் முழுசாத் தெரிஞ்சுது. நவரை நெல் மூட்டைங்க, மருந்தடிக்கிற ஸ்பிரேயர், ஆணியில என் அழுக்குச் சட்டை. "அப்பா, இதையெல்லாம் எடுத்துடலாமாப்பா?"ன்னா. கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. சட்டையையும் ஸ்பிரேயரையும் எடுத்தேன். மூட்டையை எங்க தூக்கறது? விலை வரட்டும்னு வச்சிருந்தது. என் வேட்டியைக் கொடி கட்டித் தொங்கவிட்டோம்.

மறுநாள் நான் மாட்டுக்கொட்டகையில நின்னுக்கிட்டிருந்தேன். பாதியில வேட்டி சரிஞ்சு விழுந்துடுச்சாம். "பின்னாடி என்னம்மா?"ன்னு கேட்டாராம் அவர். "எங்க வீட்டு நெல்லு சார்." செலவு போக மூட்டைக்கு என்ன நிக்கும்னு கேட்டாராம். உழவுக்கூலி, நடவு, உரம், அறுவடை மெஷின் வாடகைன்னு வரிசையா சொல்லி, ஒரு தொகையும் சொல்லிட்டாளாம்.

பதில் இன்னும் வரல. அந்தத் தொகை எவ்வளவுன்னு நானும் கேட்கல. இத்தனை வருஷத்துல நான் அந்தக் கணக்கைப் போட்டதே இல்லை. அவ எப்ப போட்டான்னு தெரியல.