15 ஆங்ஸ்ட்ராம் தள்ளி

பெயர் ஊதா பாக்டீரியா என்றாலும், ரோடோபாக்டர் வகையைக் காற்றுப் புகாத சீசாவில் குண்டு பல்பு வெளிச்சத்தில் வளர்த்தால் தெளிந்த கடுங்காப்பி போலப் பழுப்பாகத்தான் இருக்கும். கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்த காலத்தில் அந்தச் சீசாவை மாணவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் தொடங்குவேன். சடுதிமாற்றம் என்றால் பழுது, பழுதான இடத்தைச் சரிசெய்தால்தான் வேலை நடக்கும் என்று பல ஆண்டுகள் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். 1993-ல் வந்த இரண்டு ஆய்வுகளைப் படித்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இந்தப் பாக்டீரியாவின் ஒளிச்சேர்க்கை வினைமையத்தில் எல், எம் என்று இரண்டு புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டிருக்கும். எச் என்ற மூன்றாவது, பக்கத்தில் அணை கொடுக்கும். இதே வகை மையத்தை வேறொரு ஊதா பாக்டீரியாவிலிருந்து படிகமாக்கி, அணு அணுவாகப் படம் வரைந்ததற்காகத்தான் மிக்கேல், டைசன்ஹோஃபர், ஹூபர் மூவரும் 1988-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒளி பட்டதும் எலக்ட்ரான் கிளம்பி, கடைசியில் குயினோன் என்ற மூலக்கூறிடம் போய்ச் சேரும். குயினோனுக்கு இரண்டு எலக்ட்ரான் வேண்டும், இரண்டு புரோட்டானும் வேண்டும். புரோட்டான் வெளியே நீரில் இருக்கிறது, குயினோனோ புரதத்தின் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. கட்டடவேலையில் சாந்துச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்களே, அப்படித்தான் சில அமினோ அமிலங்களும் நீர் மூலக்கூறுகளும் வரிசையில் நின்று புரோட்டானை உள்ளே அனுப்புகின்றன. அந்த வரிசையில் முக்கியமான இருவர், எல் சங்கிலியின் 212-ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலமும் 213-ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலமும்.

கலிஃபோர்னியாவில் லா ஹோயாவில் ஃபெஹர், ஒகமுரா குழுவினர் அந்த 213-ஐ மட்டும் ஆஸ்பரஜினாக மாற்றினார்கள். பருமனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஆஸ்பார்டிக் அமிலத்துக்கு உள்ள எதிர்மின்னேற்றம் ஆஸ்பரஜினுக்குக் கிடையாது. அது ஒன்று போனதில் புரோட்டான் வந்து சேரவில்லை. பாக்டீரியாவால் ஒளியைக்கொண்டு பிழைக்க முடியவில்லை.

நேர்மாறாகவும் நடப்பதுண்டு. டெர்புட்ரின் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் ஒரு ஊதா பாக்டீரியாவில், எல் சங்கிலியின் 222-ஆம் இடத்தில் டைரோசின் போய் ஃபினைல்அலனின் வந்திருந்தது. குறைந்தது ஒரே ஒரு ஆக்சிஜன் அணு. அதனோடு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு அறுந்தது, எம் சங்கிலியின் ஒரு துண்டே இடம்பெயர்ந்தது. ஆனாலும் அந்தப் பாக்டீரியா வாழ்ந்தது.

என்னை உலுக்கியது சிகாகோவுக்கு அருகே ஆர்கான் ஆய்வகத்தில் ஹான்சன், ஷிஃபர் குழுவினர் செய்த சோதனை. அவர்கள் 212, 213 இரண்டையுமே அலனினாக மாற்றினார்கள். புரோட்டானைப் பிடிக்கவோ கொடுக்கவோ அலனினால் ஆகாது. இருட்டில் ஆக்சிஜன் கிடைத்தால் அந்தப் பாக்டீரியா சுவாசித்து நன்றாகவே வளரும். ஆக்சிஜன் இல்லாமல் வெளிச்சத்தில் வைத்தால்தான் குறை தெரியும். அப்படி வைத்துக் காத்திருந்தபோது அபூர்வமாகச் சில உயிர்கள் தழைத்தன. மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். ஒன்றில் அந்த இரண்டு அலனினும் அப்படியே இருந்தன. எம் சங்கிலியில் 43-ஆம் இடத்தில் ஒரு ஆஸ்பார்டிக் அமிலம் புதிதாக வந்திருந்தது. லா ஹோயா குழுவினர் தங்கள் பாக்டீரியாவில் இதற்கு நேரான 44-ஆம் இடத்தில் அதே மாற்றத்தைச் செய்தபோது அதுவும் பிழைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து வரிசையில் நின்று சட்டியை வாங்கிக்கொண்டார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றில் நடந்தது வேறு. குயினோனிலிருந்து சுமார் 15 ஆங்ஸ்ட்ராம் தள்ளி, எம் சங்கிலியின் 231-ஆம் இடத்தில் இருந்த ஆர்ஜினைன் லியூசினாகியிருந்தது. ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குதான், ஆனால் புரதத்துக்குள் 15 என்பது நல்ல தொலைவு. ஆர்ஜினைனுக்கு நேர்மின்னேற்றம் உண்டு, லியூசினுக்கு எந்த மின்னேற்றமும் இல்லை. இங்கே புதிதாக யாரும் வரிசைக்கு வரவில்லை. தூரத்தில் இருந்த ஒன்று தன் பிடியை விட்டது. அதனால் சுற்றியிருந்த மின்னேற்றங்களின் இழுபறி மாறி, புரோட்டானுக்கு வழி பிறந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. 1961-ல் அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் மளிகைக் கடையில் யாரை உட்காரவைப்பது என்பதே வீட்டில் ஓயாத பேச்சு. மாமா உட்கார்ந்து பார்த்தார், சித்தப்பா பார்த்தார். கடை மீளவே இல்லை. பெரியக்கா அப்போது எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். பெண்பிள்ளை வெளியூரில் தங்கிப் படிக்கக்கூடாது என்பது தாத்தாவின் கட்டளை. அவளுடைய சர்ட்டிபிகேட்டைத் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

ஒருநாள் விடிந்ததும் அக்காவைக் காணோம். தாத்தாவையும் காணோம். "பஸ் ஏத்திவிடப் போயிருக்கார்" என்றாள் அம்மா. இரண்டு வருடப் பயிற்சி, பிறகு ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை. மாதாமாதம் அக்காவின் மணியார்டர் வந்தது. அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன். கடை கடைசிவரை மூடியே கிடந்தது.

அக்காவிடம் இந்த ஆர்ஜினைன் கதையைச் சொன்னேன். ஓய்வுபெற்ற ஆசிரியை அல்லவா, முழுவதும் கவனமாகக் கேட்டாள். அந்த இடத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது, அதை இழந்ததில் புரதத்துக்கு வேறு நஷ்டமில்லையா என்றெல்லாம் கேட்டாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சாவியைப் போட்டுத் திறக்கும்போது தாத்தாவுக்குக் கை நடுங்கிச்சுடா" என்றாள். "விளக்கை நான்தான் பிடிச்சிட்டிருந்தேன். நீ தூங்கிட்டே."